காணாமற்போனவரின் மனைவி: ஒரு பிரெஞ்சுத் திரைப்படமும் நம் கடற்கரையும்

 

திரைப்படங்களைப் பற்றி எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. அதிலும் போர்க்காலக் காதலைச் சொல்லும் ஒரு பிரெஞ்சுப் படத்துக்கும் வேம்பாரில் குடியிருக்கும் நடுவயதுப் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வியே. தொடர்பு உண்டு. என் குடும்பத்துப் பெண் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணவருக்காகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பற்றி மார்க்கமும் நாட்டுச் சட்டமும் சொல்லியிருந்த ஒரு செய்தி கடைசி வரை அவர் காதுக்கு எட்டவேயில்லை. அதை எழுதத் தூண்டியது இந்தப் படம். ஆகவே சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்னைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் மொழிப்பாடமாகப் பிரெஞ்சை எடுத்திருக்கிறாள். ஒருநாள் தொலைபேசியில், "உம்மா, ஒரு படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். போரில் இறந்துவிட்டான் என்று இராணுவம் சொன்ன ஒருவனை, இறக்கவில்லை என்று நம்பித் தேடிப் போகிற பெண்ணின் கதை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரும்போது கொண்டு வருகிறேன், நாம் இருவரும் பார்ப்போம்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் அடுப்படியிலும், கருப்பட்டி கொண்டுவரும் ஆட்களிடம் எடை பார்த்து வாங்கும்போதும், அந்தப் பெண்ணையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

எதிர்பார்ப்போடு இரண்டு அச்சங்களும் இருந்தன. ஒன்று, மேலைநாட்டுக் காதற்படங்களில் வெட்கத்துக்கு இடமில்லாத காட்சிகள் இருக்குமே, மகளோடு அமர்ந்து எப்படிப் பார்ப்பது என்பது. மற்றொன்று, காதல் என்ற பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடுவார்களோ என்பது. இரண்டு அச்சங்களும் முழுமையாகப் பொய்த்துவிடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

படத்தின் பெயரைத் தமிழில் சொல்வதானால் 'நிச்சயதார்த்தத்தின் நீண்ட ஞாயிறு' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் மிக நீண்ட நிச்சயதார்த்தம் என்று பொருள்படும் பெயரில் வெளியாயிற்று. செபாஸ்தியான் ஜாப்ரிசோ 1991இல் எழுதிய நாவலைத் தழுவி ஜான்-பியர் ஜுனே இயக்கிய இப்படம் 2004இல் வெளிவந்தது. மத்தில்த் என்ற அந்தப் பெண்ணாக நடித்தவர் ஓட்ரி தொத்து. முதல் உலகப் போரில், 1917 ஜனவரியில், பிரான்சின் சோம் பகுதிப் போர்முனையில் கதை தொடங்குகிறது.

போரிலிருந்து தப்புவதற்காகத் தம் கைகளைத் தாமே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று ஐந்து படைவீரர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. அவர்களைச் சுட்டுக் கொல்லாமல், தங்கள் பதுங்குகுழிக்கும் ஜெர்மானியரின் பதுங்குகுழிக்கும் நடுவே உள்ள வெற்று நிலத்தில் தள்ளிவிடுகிறார்கள். எதிரியின் குண்டோ பனியோ கொன்றுவிடும் என்பது கணக்கு. அந்த ஐவரில் இளையவன் மானெக். கலங்கரை விளக்கக் காவலரின் மகன். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட மத்தில்த், தாய் தந்தையை இழந்தவள். பிள்ளைவாதத்தால் கால் ஊனமுற்று, சிறிய தந்தை வீட்டில் வளர்ந்தவள். மானெக் இறந்துவிட்டான் என்று இராணுவம் சொல்கிறது. போர் முடிந்த பிறகு, 1920இல், அவள் தேடத் தொடங்குகிறாள். வழக்கறிஞரைப் பார்க்கிறாள், துப்பறிவாளரை அமர்த்துகிறாள், இராணுவக் கோப்புகளைத் தேடிப் படிக்கிறாள். உயிர் பிழைத்து வந்த ஒவ்வொருவரையும் கேட்கிறாள். ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள். ஐவருக்கும் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு வந்திருந்தும், ஓர் அதிகாரி அதை வெளிப்படுத்தாமல் வைத்திருந்தார் என்பதும் தெரியவருகிறது.

குடும்பத்தோடு பார்க்கத் தக்க படமா என்றால், அல்ல. திருமணத்துக்கு முந்தைய நெருக்கத்தை மறைவின்றிக் காட்டும் இடங்கள் உண்டு. போர்க்களக் காட்சிகள் கொடூரமானவை. மகள் முன்பே விசாரித்து வைத்திருந்தாள். அத்தகைய இடங்களை நாங்கள் தாண்டித் தாண்டியே பார்த்தோம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கும்போது இதைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஆயினும் கதையின் உயிர் அந்தக் காட்சிகளில் இல்லை; அவள் செய்யும் தேடலில் இருக்கிறது.

அந்தத் தேடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நினைவெல்லாம் பெரியும்மாவிடம் இருந்தது.

பெரியும்மா என் உம்மம்மாவின் மூத்த சகோதரி. திருமணமாகி மூன்றாம் ஆண்டில், 1940இல், அவருடைய கணவர் ரங்கூனுக்குச் சபர் போனார். மொகல் தெருவில் ஒரு கடையில் வேலை. மாதந்தோறும் கடிதமும் அவ்வப்போது பணமும் வந்தன. நம் கடற்கரை ஊர்களில் அது புதிதல்ல. பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று ஆண்கள் கப்பலேறுவதும், பெண்கள் கடிதத்தை எதிர்பார்த்து வாழ்வதும் தலைமுறைகளாக நடந்து வந்ததுதான்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரமே அவர்கள் கைக்குப் போயிற்று. அதற்கு முந்தைய மாதமே சிங்கப்பூர் வீழ்ந்திருந்தது. தபால் நின்றது, கப்பல் நின்றது. பர்மாவில் இருந்த இந்தியர்களில் இலட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் கால்நடையாகவே இந்தியாவுக்கு வந்தனர். வழியில் பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். மத்தில்தின் ஊரில் போரின் பெயர் சோம். நம் ஊர்களில் அதன் பெயர் 'ரங்கூன் நடை'.

நடந்து வந்தவர்களிடமெல்லாம் பெரியும்மா தம் சகோதரரை அனுப்பி விசாரித்தார். ஒருவர், அவரை அரக்கான் பாதையில் பார்த்ததாகச் சொன்னார். மற்றொருவர், அவர் கடையை விட்டு வர மறுத்து ரங்கூனிலேயே தங்கிவிட்டார் என்றார். மூன்றாமவர், காய்ச்சலில் படுத்தவரைத் தாமே ஒரு மரத்தடியில் விட்டுவந்ததாகச் சொல்லிவிட்டு, பிறகு அது வேறு ஆளாகவும் இருக்கலாம் என்றார். போர் முடிந்தது. கடல் திறந்தது. அவர் வரவில்லை, இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை.

இறந்தது உறுதியாகாததால் பெரியும்மா இத்தா இருக்கவில்லை. கழுத்தில் கருகமணி இருந்தது. கல்யாண வீடுகளில் வாழ்வரசிகளின் வரிசையிலும் அவரை அமர்த்தமாட்டார்கள், கைம்பெண்களோடும் சேர்க்கமாட்டார்கள். அவராகவே அடுப்படிப் பக்கம் போய்விடுவார். ஊரில் அவரைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: பொறுமைசாலி. நானும் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தேன்.

படத்தில் மத்தில்த் தனக்குள் பந்தயம் கட்டிக்கொள்வாள். நான் ஏழு எண்ணுவதற்குள் இரயில் சுரங்கத்தில் நுழைந்துவிட்டால் மானெக் உயிரோடு இருக்கிறான். சாப்பிட அழைக்குமுன் நாய் அறைக்குள் வந்துவிட்டால் அவன் உயிரோடு இருக்கிறான். இவ்வாறு சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். பெரியும்மாவும் நன்கு அறிந்தவர்தாம். ஐவேளைத் தொழுகையை விடாதவர், சகுனம் பேசும் பெண்களைக் கண்டிப்பவர். ஆனாலும் முற்றத்து முருங்கையில் காகம் கரைந்தால், அவர் கையிலிருந்த சுளகு ஒரு நொடி நிற்கும். பிறகு அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிவிட்டு மீண்டும் புடைப்பார். அந்த ஒரு நொடியை நான் சிறுமியாக இருந்தபோது பலமுறை பார்த்திருக்கிறேன். திரையில் அந்தப் பெண் இரயிலைப் பார்த்து எண்ணத் தொடங்கியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொறுமை என்றால் அசையாமல் அமர்ந்திருப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குர்ஆன் காட்டும் பொறுமை அப்படிப்பட்டதல்ல. யூசுஃபை (அலை) இழந்த யஅகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள். அவர்களே கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்குத் துயருற்றார்கள். மகனைத் தேடி வரும்படி மற்ற மக்களை அனுப்பினார்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கையிழக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். ஹாஜரா (அலை) அவர்கள் பாலைவனத்தில் குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடினார்கள். ஒரு பெண் தவித்துத் தேடிய அந்த ஓட்டத்தை அல்லாஹ் ஹஜ்ஜின் கிரியையாகவே ஆக்கினான். ஆகவே தேடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல.

மத்தில்துக்குத் தேடுவதற்கு வழி இருந்தது. பெற்றோர் விட்டுச்சென்ற பணம், சிறிய தந்தையின் ஆதரவு, ஒவ்வொரு படைவீரனின் பெயரையும் எழுதி வைத்திருந்த ஓர் அரசு. பெரியும்மாவுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர் கணவரோ படைவீரர் அல்லர், கடைச் சிப்பந்தி. அவர் பெயரை எந்தப் பட்டியலில் தேடுவது?

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: "உம்மா, அந்தப் பெரியும்மா வேறு திருமணம் செய்திருக்கலாமா? மார்க்கத்தில் இடம் உண்டா?"

அந்தக் கேள்விக்காக நான் நூல்களைப் புரட்டினேன். ஆலிம் ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்தேன். காணாமற்போன கணவரை ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூத்' என்று குறிப்பிடுகின்றன. உமர் (ரலி) அவர்கள், அத்தகையவரின் மனைவி நான்காண்டுகள் காத்திருந்து, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, அதன்பின் மறுமணம் செய்யலாம் என்று தீர்ப்பளித்த செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. மாலிக்கி மத்ஹபு இதை ஏற்றது. ஹனஃபி மத்ஹபில், கணவரின் வயதை ஒத்தவர்கள் மறைந்துபோகும் காலம் வரை காத்திருக்க வேண்டும் என்பதே பழைய நிலைப்பாடு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிந்தைய கருத்தும் மரணம் உறுதியாகும் வரை காத்திருக்கச் சொல்வதே.

இதனால் இந்தியாவில் எத்தனையோ பெண்கள் தவித்தார்கள். அந்தத் தவிப்பைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்), தாம் ஹனஃபி அறிஞராக இருந்தும், இவ்விஷயத்தில் மாலிக்கி மத்ஹபின் தீர்வை மேற்கொள்ளலாம் என்று 'அல்-ஹீலத்துன் நாஜிஸா' என்ற தம் நூலில் விரிவாக எழுதினார்கள். முஹம்மத் அஹ்மத் காஸிமி மத்தியச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1939 மார்ச் 17 அன்று முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் நிறைவேறியது. அதன் முதற்காரணமே இதுதான்: கணவர் இருக்குமிடம் நான்காண்டுகளாகத் தெரியவில்லையெனில் மனைவி நீதிமன்றத்தில் திருமண முறிவு கோரலாம். கணவரின் வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்பப்படும். தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவர் திரும்பி வந்து, இல்லறக் கடமையை ஆற்ற ஆயத்தமாக இருப்பதாக நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளுமாறு காட்டினால், தீர்ப்பு இரத்தாகும்.

ஆண்டைக் கவனியுங்கள். 1939 மார்ச்சில் இச்சட்டம் வந்தது. செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிற்று. பெரியும்மாவின் கணவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது 1941இன் இறுதியில். 1945 முடியும்போது நான்காண்டுகள் நிறைந்துவிட்டன. அப்போது பெரியும்மாவுக்கு வயது இருபத்தைந்துக்குச் சற்று மேல். சட்டம் இருந்தது, ஆலிம்களின் ஃபத்வாவும் இருந்தது. வேம்பாரின் ஒரு முற்றத்தில் அமர்ந்திருந்த பெண்ணிடம் அதைச் சொல்ல மட்டும் யாரும் இருக்கவில்லை.

தெரிந்திருந்தால் அவர் மறுமணம் செய்திருப்பாரா? ஒருவேளை மறுத்திருப்பார். கணவர் மேல் அவருக்கு இருந்த பிரியத்தை உம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறுத்துவிட்டுக் காத்திருந்தால், அது அவர் தேர்ந்துகொண்ட காத்திருப்பாக இருந்திருக்கும். மத்தில்தின் காத்திருப்பை நம் மனம் மதிப்பது அதனால்தான்: அவளை எவரும் கட்டிப்போடவில்லை, கதவு திறந்திருந்தும் அவள் அவனைத் தேடினாள். பெரியும்மாவுக்கோ கதவு ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாத நிலையில் அவர் கழித்த காலத்தைப் பொறுமை என்று புகழ்ந்து, ஊர் தன் கடமையை முடித்துக்கொண்டது.

உமர் (ரலி) அவர்களைப் பற்றிய மற்றொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. இரவில் நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவரின் பிரிவால் வருந்தும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவரைப் பிரிந்து எவ்வளவு காலம் தாங்குவாள் என்று வினவினார்கள். அவர்கள் சொன்ன அளவைக் கொண்டே, நான்கு மாதம் என்றும் சில அறிவிப்புகளில் ஆறு மாதம் என்றும், படைவீரர்களைக் களத்தில் நிறுத்தும் காலத்துக்கு வரம்பு வகுத்தார்கள். போர்க்கால அன்பைப் பற்றி எத்தனையோ கதைகள் இருக்கலாம். ஓர் ஆட்சியாளர் அந்த அன்புக்காகப் படையின் விதியையே மாற்றிய செய்தி நம் வரலாற்றில் இருக்கிறது. மன்னிப்பு ஆணையை மறைத்த அந்தப் பிரெஞ்சு அதிகாரியைத் திரையில் பார்த்தபோது, இந்த வேறுபாடு எனக்கு மிக ஆழமாகப் பட்டது.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அப்போரில் பிரான்சுக்காகப் போரிட்டவர்களில் அல்ஜீரியா, துனீசியா, மொரோக்கோ, செனகல் நாட்டு முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அவர்கள் நினைவைப் போற்றும் விதமாகவே பாரிஸின் பெரிய பள்ளிவாசல் 1926இல் திறக்கப்பட்டது. நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் நிற்கிறது. அவர்களுக்கும் மனைவியர் இருந்தார்கள். அந்தப் பெண்கள் யாரைக் கேட்டார்கள், எந்தக் கோப்பைப் புரட்டினார்கள் என்பதைச் சொல்லும் கதையையும் யாரேனும் எடுக்க வேண்டும்.

முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மானெக் உயிரோடு இருக்கிறான். ஆனால் நினைவை இழந்துவிட்டான். வேறு பெயரில், மற்றொரு தாயின் மகனாக வாழ்கிறான். தேடி வந்தவளை அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் சிறுவயதில் முதன்முதலாகப் பார்த்தபோது கேட்டதையே, நடக்கும்போது கால் வலிக்கிறதா என்பதையே, மீண்டும் கேட்கிறான். அவள் எதிரே அமர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காதலைச் சொல்லி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடுவார்கள் என்ற என் அச்சம் அவ்விடத்தில் நீங்கிற்று. அவளுக்குக் கிடைத்தது ஒரு விடை, அவ்வளவே. அந்த விடைக்கே ஒரு பெண் இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

பெரியும்மா 1985இல் வஃபாத்தானார். மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்கள்தாம் அவர் கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றினார்கள்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். வளைகுடா நாடுகளுக்குச் சென்று தொடர்பற்றுப் போனவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடலுக்குச் சென்று திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். 2017இன் ஒக்கிப் புயல் மன்னார் வளைகுடாவிலிருந்து குமரி வரை எத்தனை வீடுகளைக் காத்திருக்க வைத்தது என்பதை நம் பரதவ அண்டை வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தகைய பெண் நம் மஹல்லாவில் இருந்தால், தேடும் பொறுப்பை ஜமாஅத் ஏற்க வேண்டும். காவல் நிலையத்தில் காணவில்லை என்ற புகாரைப் பதிவு செய்யுங்கள். வெளிநாடு என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்திலும் மனுக் கொடுங்கள். சொத்துரிமைக்கு மரணத்தை ஊகித்துக்கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழாண்டுகள் கேட்கும். திருமண முறிவுக்கு நான்காண்டுகள் போதும். இரண்டாண்டுகள் செலவுக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டால் அதுவும் ஒரு காரணம் என்பதை அவருக்குத் தெரிவியுங்கள். வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டாம்: பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறும் உரிமை உண்டு. இவ்வளவையும் சொல்லிய பிறகு, காத்திருப்பதா புதுவாழ்வு தொடங்குவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். எந்த முடிவானாலும் அவரைக் குறை பேசாமல் நம் நாவைக் காப்போம்.

யூசுஃபை யஅகூபிடம் திரும்பச் சேர்த்த அல்லாஹ், காணாமற்போனவர்களை அவர்களுடைய குடும்பத்தாரிடம் சேர்ப்பானாக. சேராதவர்களின் செய்தியையாவது காத்திருப்போருக்கு எட்டச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.